வெண்ணெய்ப்பழத்தைக் கனிவித்தலும் காத்தலும்

அவகாடோ எனப்படும் வெண்ணெய்ப்பழம் பழனி மலைச்சரிவுகளில் விளைவது. இது மரத்தில் கனிவதில்லை. முற்றியபின் பறித்தாலே கனியும். ஆகலின், அடிபடாத, காம்படி கருகாத கெட்டிக் காயையே வாங்குக.

கனிவிக்கக் கார்பைடு கல் வேண்டா. அதில் ஆர்சனிக் நச்சு கலந்திருத்தல் உண்டு. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் அதனைத் தடை செய்துள்ளன. ஆதிச்சநல்லூரை அடுத்த தாமிரபரணிக் கரையில் விளையும் வாழையே போதும். கனிந்த வாழைப்பழம் இரண்டுடன் காயைக் காகிதப் பையிலிட்டு மூடுக. பழம் விடும் எத்திலீன் ஆவி இரண்டு மூன்று நாளில் காயைக் கனிவிக்கும்.

பச்சைநிற வகைகள் கனிந்தாலும் நிறம் மாறா. உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்துக. சற்றே இணங்கினால் பதம். அதன்பின்னரே குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். இரண்டு மூன்று நாள் தாங்கும். அறுத்த பாதியில் எலுமிச்சைச் சாறு தடவி மூடிவைத்தால் விரைவில் கறுக்காது.