சைவ உணவும் இரும்புச்சத்தும்



"அக்கா, சைவமா இருந்தா இரத்தம் குறைஞ்சிடுமா?" தைப்பூச விரதம் நெருங்கினாலே இளைஞர் வகுப்பில் யாராவது இதைக் கேட்பார்கள். குறையணும்னு கட்டாயம் இல்லை. ஆனால் கவனிக்காவிட்டால் குறையும். இது என் சொந்த அனுபவம்.

நான் பதினைந்து வயதிலிருந்து சைவம். போதாக்குறைக்கு வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை எதுவும் என் வயிற்றுக்கு ஒத்துக்காது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது படி ஏறினாலே மூச்சு வாங்கியது, முடி கொட்டியது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் 6. "ஈரல் சாப்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்றார்கள் உறவினர்கள். நான் சைவத்தை விடவில்லை. ஒன்பது மாதத்தில் ஹீமோகுளோபின் 12.8க்கு வந்தது. எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம்.

1. இரண்டு எண்களைக் கேளுங்கள்

ஹீமோகுளோபின் என்பது கையில் இருக்கும் காசு. ஃபெரிட்டின் என்பது வங்கியில் இருக்கும் சேமிப்பு. முதலில் கரைவது சேமிப்புதான். அதனால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பு சோர்ந்து போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கும் ஆண்களுக்கு 13க்கும் குறைந்தால் இரத்தசோகை. ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் சேமிப்பு காலி.

பரிசோதனை செய்யாமல் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீங்க. தலசீமியா மரபணு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். அவர்களுக்கு இரும்புச்சத்து குறைவாக இருக்கணும்னு இல்லை.

2. சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்

மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, வயிற்றுப்புண், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், நீண்ட நாள் சாப்பிடும் கேஸ்ட்ரிக் மாத்திரை, இவை எல்லாமே காரணமாக இருக்கலாம். வயிறு அடிக்கடி தொல்லை தருதுன்னா அதையும் மருத்துவரிடம் சொல்லுங்க. தம்பிகளே, உங்களுக்கு மாதவிடாய் கிடையாது. உங்களுக்கு இரும்புச்சத்து குறைந்தால் உள்ளே எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகணும்.

3. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு ஒட்டுகிறது என்பதே முக்கியம்

தாவர உணவில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. இதற்காகவே சைவர்களுக்கு மற்றவர்களைவிட 1.8 மடங்கு இரும்பு தேவை என்று அமெரிக்கப் பரிந்துரை கணக்கிடுகிறது. 1.8 மடங்கு சாப்பிட என் வயிறு இடம் கொடுக்காது. அதனால் சாப்பிடுவது ஒட்டும்படி பார்த்துக்கொண்டேன்.

பேரீச்சம்பழம், பீட்ரூட் என்றுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஆனால் 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இருப்பது சுமார் 1 மி.கி. இரும்புதான். பீட்ரூட்டில் அதைவிடக் குறைவு. 100 கிராம் தெம்பேயில் சுமார் 2.7 மி.கி. இருக்கிறது. தெம்பே நொதித்த உணவு என்பதால் இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட்டும் அதில் குறைவு. கெட்டியான தௌஹு என் வயிற்றுக்கு நன்றாக ஒத்துப்போனது. பருப்பு, பயறை இரவே ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். முதலில் இரண்டு கரண்டியில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டுங்க.

அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி சேர வேண்டும். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு உண்டு. விதை ஒத்துக்காதவர்கள் சதையை மட்டும் சாப்பிடலாம், இல்லாட்டி பப்பாளி. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடித்தால் எனக்கு நெஞ்சு எரியும். அதனால் பருப்பின் மேலேயே பிழிந்துகொள்வேன்.

சாப்பாட்டோடு தே தாரேக் வேண்டாம். தேநீர், காப்பி இரண்டுமே இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்த மாற்றம் இதுதான். பைசா செலவில்லாததும் இதுதான்.

4. மாத்திரை

சேமிப்பு காலியான பிறகு சாப்பாடு மட்டும் போதாது. மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தினமும் போட்டதில் எனக்கு வயிற்று வலியும் மலச்சிக்கலும் வந்தன. நானாக நிறுத்தாமல் அவரிடமே போய்ச் சொன்னேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார். மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும். அது மறுநாள் வரும் இரும்பை உள்ளே விடாது. இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் சூரிக் ஆய்வாளர்கள் செய்து 2017ல் வெளியிட்ட ஆய்விலும், இடைவெளி விட்டுப் போட்ட மாத்திரைதான் அதிகம் உறிஞ்சப்பட்டது. ஆனால் யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவர்தான் சொல்லணும்.

மாத்திரையால் மலம் கருமையாவது வழக்கம். தார் மாதிரி ஒட்டி, கடும் நாற்றம் அடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திடாதீங்க. சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் மூன்று மாதம் ஆகும்.

5. விரத நாட்களில்

48 நாள் விரதம் தொடங்கும் முன் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒருவேளை உணவு என்றால் தெம்பே, பருப்பு, பழம் மூன்றும் அந்த ஒருவேளையில் இருக்கட்டும். மயக்கம், நெஞ்சு படபடப்பு வந்தால் விரதத்தைத் தளர்த்துங்கள். உடல்நலம் இல்லாதவர்களை வருத்திக்கொள்ளச் சொல்லி எந்தத் தெய்வமும் கேட்பதில்லை. உடம்பு திடமாக இருந்தால்தான் அடுத்த ஆண்டும் படியேற முடியும்.

கலந்து பேச:

• உங்கள் வீட்டில் சாப்பாட்டோடு என்ன குடிக்கிறீர்கள்? அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம்?

• உங்கள் கோயில் அன்னதானத்தில் இரும்புச்சத்துக்காக எதைச் சேர்க்கலாம்?

• வீட்டில் எப்போதும் களைப்பாகவே இருப்பவர் யார்? அவரை யார் பரிசோதனைக்கு அழைத்துப் போவது?