சென்சார் கையில் இருக்கு, அளவு போனில் வரலையா?

கையில் ஒட்டிய சுகர் சென்சார் போனோடு இணைய முரண்டு பிடித்தால், அவசரப்பட்டுப் பிய்த்துவிடாதீர்கள். ஒன்றின் விலை ஆயிரக்கணக்கில்.

புளூடூத் ஆனில் இருக்க வேண்டும். ஆனால் போனின் புளூடூத் பட்டியலில் சென்சாரைத் தேடாதீர்கள். அதற்குரிய ஆப் வழியாகத்தான் இணையும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் வில்லன் பேட்டரி சேவர். ராத்திரி நாம் தூங்கும்போது ஆப்பையும் தூங்க வைத்துவிடும், சுகர் அலாரம் அடிக்காது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

லிப்ரே வகைச் சென்சார் ஸ்கேன் ஆகவில்லையா? ஸ்கேன் செய்யும் என்எஃப்சி ஆன்டெனா ஐபோனில் மேல் விளிம்பில் இருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பின்பக்கம், நடுவில். அந்த இடத்தைச் சென்சார்மீது வைத்து அசையாமல் பிடியுங்கள். தடித்த கவர், உலோக ரிங் இருந்தால் கழற்றிவிடுங்கள். புதுச் சென்சாரில் முதல் 60 நிமிடம் அளவு வராது, அது பழுதல்ல.

சிக்னல் விட்டுப்போனாலும் லிப்ரே 2 கடைசி 8 மணி நேர அளவுகளைச் சேமித்து வைத்திருக்கும். ஆப்பை மட்டும் அழித்து மறுபடி ஏற்றாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சென்சாரே வீணாகிவிடலாம். இடையில் வியர்த்து, கை நடுங்கினால் போனோடு மல்லுக்கட்டாமல் விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பாருங்கள்.