மேலதிக நேரக் கொடுப்பனவு: கணக்கு எங்கே பிழைக்கிறது?

பெருநாள் நெருங்கினால் நமது புடவைக் கடைகள் இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கும். பெருநாள் செலவுக்கென்று ஊழியர் கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மேலதிக நேரக் கணக்கும் தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது அன்பளிப்பு. கூலி வேறு.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக, சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலச் சம்பளம் வரும். 36,000 ரூபா பெறுபவருக்கு அது 150 ரூபா. மேலதிக நேரத்துக்கு 225 ரூபா. கடை திறந்திருக்கும் 300 மணித்தியாலத்தால் வகுத்து 120 ரூபா எனக் கணக்கிடுவோரும் உண்டு. அது ஊழியரின் ஹக்கைக் குறைப்பதாகும்.

பலர் கவனிக்காத இடம் வாரக் கணக்குத்தான். ஆறு நாளும் எட்டு மணித்தியாலம் வேலை என்றால் எந்த நாளிலும் வரம்பு மீறப்படவில்லை. ஆனாலும் வாரத்துக்கு 48 ஆகிறது. அந்த 3 மணித்தியாலத்துக்கு 675 ரூபா சேரவேண்டும். நான்கு வாரத்தில் 2,700.

ஊழியர் விரும்பினாலும் மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. சீசன் காலத்தில் இன்னுமொருவரைச் சேர்ப்பதே வழி.

இத்தொகைக்கு ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டியதில்லை. ஆகவே சம்பளப் பட்டியலில் அதைத் தனி நிரலாகவே எழுதுங்கள்.