பிறந்தநாள் அழைப்பும் இன்சுலின் ஊசியும்

பள்ளிப் பையிலிருந்து வண்ண அழைப்பிதழை எடுத்து நீட்டுகையில் குழந்தையின் முகம் மலர்கிறது. அக்குழந்தைக்கு முதல் வகை நீரிழிவு இருக்குமாயின், தாயின் முகமோ வாடுகிறது. கேக்கை அளவின்றித் தின்றுவிட்டால்? ஓடியாடி மயங்கி விழுந்தால்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் செல்லும் தந்தையால் அந்த மாலையில் உடனிருக்க இயலாது. பரிசுச் செலவும் நினைவுக்கு வருகிறது. “போக வேண்டாம்” என்பதே எளிய விடையாகத் தோன்றுகிறது.

எளிய விடைதான், சரியான விடையன்று. தடுக்கப்படும் குழந்தை நோயைத் தண்டனையாக உணர்கிறது. ஒளித்துத் தின்னவும் பழகக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை அளவோடு கேக் உண்ணலாம். கவலையைக் குறைப்பது முன்னேற்பாடே.

அழைப்பு வந்ததும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். ஒரு துண்டு கேக்குக்கும் ஒரு சமோசாவுக்கும் எத்தனை யூனிட் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விழாக்களில் கேக் வெட்டத் தாமதமாவது வழக்கம். ஊசி போட்டபின் உணவு தாமதித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையும். எனவே உணவு வரும் நேரம் உறுதியானபின் போடுவதே நன்று. குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர் போதும்.

விழா வீட்டாரிடம் முதல் நாளே பேசுங்கள். “பிள்ளைக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கை நடுங்கினாலோ, அதிகம் வியர்த்தாலோ உடனே சர்க்கரை கொடுத்துவிட்டு எங்களை அழையுங்கள்” என்றால் போதும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

குளுக்கோமீட்டரையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் பையில் வையுங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சிறு குழந்தைக்குரிய அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டறியுங்கள். நினைவிழந்தால் வாயில் எதுவும் புகட்டாமல் 108-ஐ அழையுங்கள். ஓடி விளையாடியதன் விளைவு இரவிலும் தொடரும் என்பதால், உறங்குமுன் ஒருமுறை சோதிப்பது அவசியம்.

பரிசுக்கு ஒரு கதைப் புத்தகமோ பென்சில் பெட்டியோ போதும். குழந்தைகள் விலை பார்ப்பதில்லை.

இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன், இந்நோயுற்ற குழந்தைகளைப் பட்டினி போட்டே சில காலம் உயிரோடு வைத்திருந்தனர். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லியனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான பிரெடரிக் பான்டிங்கின் பிறந்தநாளான நவம்பர் 14-ஐ உலகம் நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறது. நம் நாட்டில் அதுவே குழந்தைகள் தினமும் ஆகும். பட்டினியிலிருந்து மீண்ட அக்குழந்தைகளின் வழியில் வந்த நம் பிள்ளைகள், தோழனின் பிறந்தநாளில் கைதட்டி மகிழட்டும். அடுத்த அழைப்பிதழ் வரும்போது, அதனோடு எங்களிடம் வாருங்கள், சேர்ந்து திட்டமிடுவோம்.