கடன் பேரேட்டில் பிழை நேர்ந்தால்: விவசாயிக்குச் சட்டம் தரும் துணை

பயிர்த் தொழிலுக்கு மழை எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் உரிய காலத்தில் கிடைக்கும் கடன். நாற்று விடும் சமயத்தில் கைக்கு வராத பணம், களத்தில் நெல் குவிந்த பிறகு வந்து பயனில்லை. பருவம் தவறினால் மகசூல் குறையும். அல்லது விவசாயி அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்கிப் பல ஆண்டுகள் அதிலேயே உழல நேரும்.

இக்காலத்தில் பாங்குக்குச் சென்று கடன் கேட்கும் விவசாயிகளில் சிலர், "உங்கள் சிபில் சரியில்லை" என்ற ஒரே பதிலோடு திரும்பி வருவதை நாம் காண்கிறோம். வாங்கிய கடனைக் கட்டாதவருக்கு இப்பதில் கிடைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் கடைசித் தவணை வரையில் செலுத்தி, ரசீதையும் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பவருக்கும் சில சமயம் இதே பதில் கிடைத்துவிடுகிறது. இது அவருடைய குற்றமன்று. பதிவேட்டில் நேர்ந்த பிழை. அவ்வாறு பாதிக்கப்பட்டவர் வாளாவிருக்க வேண்டுவதில்லை. பிழையைத் திருத்தச் சட்டம் இருக்கிறது. எத்தனை நாளில் திருத்த வேண்டும் என்ற வரையறை இருக்கிறது. தாமதத்திற்கு நஷ்ட ஈடும் உண்டு. இவற்றைப் பெறுவதற்குத் தேவை, தேதியிட்ட ஒரு மனுவும் அது சேர்ந்ததற்கு ஓர் ஒப்புகையுமே. இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாய அன்பர்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிபில் என்பது என்ன?

முன்னாளில் ஒருவருடைய நாணயத்தை ஊரார் அறிந்திருந்தனர். இன்று அது கம்ப்யூட்டர் பேரேட்டில் எழுதப்படுகிறது. பாங்குகளும் நிதி ஸ்தாபனங்களும் யார் எவ்வளவு கடன் பெற்றார், எப்பொழுது கட்டினார், எவ்வளவு பாக்கி என்னும் விவரங்களைக் கடன் தகவல் ஸ்தாபனங்களுக்கு அனுப்புகின்றன. நம் நாட்டில் டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என நான்கு ஸ்தாபனங்கள் ரிசர்வ் பாங்கின் அனுமதியுடன் இயங்குகின்றன. இவற்றுள் மூத்தது 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில். ஆதலால் எந்த ஸ்தாபனத்தின் அறிக்கையையும் மக்கள் 'சிபில்' என்றே வழங்குகின்றனர். அறிக்கையில் காணும் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும்.

இந்த ஸ்தாபனங்களைக் கட்டுப்படுத்த 2005ஆம் ஆண்டில் கடன் தகவல் ஸ்தாபனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 21ஆவது பிரிவு நமக்கு முக்கியமானது. கடனுக்கு விண்ணப்பித்தவர் தம்மைப் பற்றிய அறிக்கையின் நகலைப் பாங்கிடம் கேட்டுப் பெறலாம். அதிலுள்ள விவரம் தவறானால் திருத்துமாறு கோரலாம். அவ்வாறு கோரப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். திருத்தம் கேட்பது நமது உரிமை. யாரிடமும் இரந்து பெறும் சலுகையன்று.

பிழைகள் எவ்வாறு நேர்கின்றன?

முதலாவது, பெயர்க் குழப்பம். நம் மக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடையவர் நால்வர் இருப்பது சாதாரணம். ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னும், மற்றோரிடத்தில் பின்னும், வேறோரிடத்தில் தந்தை பெயர் முழுவதுமாகவும் எழுதப்படுகிறது. பிறந்த தேதியும் தவறாகப் பதிவாகியிருந்தால், ஒருவர் கடன் மற்றொருவர் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

இரண்டாவது, கட்டி முடித்த கடன் முடிந்ததாகக் குறிக்கப்படாமல் நின்றுவிடுவது. நகைக் கடனை மீட்டு நகையை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும், அறிக்கையில் பாக்கி தொடரலாம். மூன்றாவது, செலுத்திய தவணை வரவு வைக்கப்படாமல் போவது. நான்காவது, அடையாள அட்டை நகல்களைக் கொண்டு வேறொருவர் நம் பெயரில் கடன் பெற்றுவிடுவது. இந்த நான்காவது வகை பிழையன்று, மோசடி. அதற்குப் போலீஸ் நிலையத்திலும் பிராது கொடுத்து அதன் நகலை மனுவுடன் இணைக்க வேண்டும். இணையவழி நிதி மோசடியை 1930 என்ற எண்ணில் உடனே தெரிவிக்கலாம்.

ஒன்றை மறத்தலாகாது. உண்மையான பாக்கியை மறைக்கச் சட்டம் துணை செய்யாது. பிறர் கடனுக்கு ஜாமீன் நின்றிருந்தால் அது நம் அறிக்கையில் தோன்றுவது முறையே. முழுத் தொகையும் கட்டாமல் ஒரு தொகைக்குச் சமரசம் செய்து முடித்த கடன், 'சமரசத்தில் தீர்ந்தது' என்றே குறிக்கப்படும், அதுவும் பிழையன்று. இதுவரை கடனே பெறாதவருக்கு மதிப்பெண் இல்லாதிருப்பதும் பிழையாகாது. முதன்முறையாகக் கடன் கேட்போரின் விண்ணப்பத்தைப் பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுத்தலாகாது என ரிசர்வ் பாங்கு அறிவுறுத்தியுள்ளது.

முதற்படி: அறிக்கையைப் பெறுதல்

பிழை எங்கே என்று அறியாமல் மனு எழுதிப் பயனில்லை. மேற்சொன்ன நான்கு ஸ்தாபனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை மதிப்பெண்ணுடன் இலவசமாக அளிக்க வேண்டும். இவ்விதி 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஸ்தாபனத்தின் இணையதளத்தில் இதனைப் பெறலாம். படித்த மகனோ மகளோ வீட்டிலிருந்தால் அவர்களே செய்து தரலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும்: பெயர், பிறந்த தேதி, முகவரி சரியா? அதிலுள்ள கடன்கள் எல்லாம் நம்முடையனவா? முடித்த கடன்கள் முடிந்ததாக உள்ளனவா? தவணைகள் உரிய மாதங்களில் வரவாகியுள்ளனவா? 2025 ஜனவரி 1 முதல் பாங்குகள் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை விவரங்களை அனுப்ப வேண்டியிருப்பதால், நேற்றுக் கட்டிய பணம் இன்றே அறிக்கையில் தெரியாது. ஒரு மாதம் கழித்தும் தெரியாவிட்டால் அதைப் பிழையாகக் கொள்ளலாம்.

இரண்டாம் படி: எழுத்து மூலம் மனு

பாங்குக்குச் சென்று வாய்மொழியாக முறையிடுவது நம் வழக்கம். மேலாளரும் "பார்க்கிறோம்" என்பார். நாட்கள் செல்லும், அவரும் மாற்றலாகிப் போவார். வாய்மொழிக்குத் தேதி கிடையாது. ஆகவே மனுவை எழுத்தில் கொடுக்க வேண்டும். பிழையான விவரத்தை அனுப்பிய பாங்குக்கு ஒன்றும், அறிக்கை தந்த ஸ்தாபனத்திற்கு ஒன்றுமாக அனுப்புதல் நலம். ஏனெனில், பாங்கு உறுதி செய்யாமல் ஸ்தாபனம் தானாகவே விவரத்தை மாற்றுவதில்லை. மனு கீழ்க்கண்டவாறு அமையலாம்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு. தங்கள் கிளையில் இன்ன எண்ணுள்ள பயிர்க்கடனை இன்ன தேதியில் வட்டியுடன் முழுவதும் செலுத்தி முடித்தேன். ரசீது நகலும் பாக்கியின்மைச் சான்றின் நகலும் இணைத்துள்ளேன். இன்ன தேதியிட்ட கடன் தகவல் அறிக்கையில் இக்கடன் பாக்கியுள்ளதாகக் காட்டப்பட்டிருக்கிறது. விவரத்தை நான்கு கடன் தகவல் ஸ்தாபனங்களிலும் திருத்தச் செய்து, 30 நாட்களுக்குள் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன்."

இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றில் பாங்கு முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்தலாம். இணையத்தில் மனுச் செய்தால் அதற்குத் தரப்படும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அசல் ரசீதை ஒருபோதும் கையை விட்டுக் கொடுத்தலாகாது, நகலே போதும்.

முப்பது நாள் கணக்கு

மனுக் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் குறை தீர்க்கப்படாவிட்டால், அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 நஷ்ட ஈடு அளிக்க வேண்டும் என ரிசர்வ் பாங்கு 2023 அக்டோபரில் ஆணையிட்டது. இது 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் உள்ளது. இந்த 30 நாட்களில், திருத்திய விவரத்தை அனுப்பப் பாங்குக்கு 21 நாட்கள். பாங்கு அதற்குள் அனுப்பத் தவறினால் நஷ்ட ஈடு அதன் பொறுப்பு. பாங்கு உரிய காலத்தில் அனுப்பியும் ஸ்தாபனம் தாமதித்தால் அது ஸ்தாபனத்தின் பொறுப்பு.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு விவசாயி ஜூன் 1ஆம் தேதி மனுக் கொடுக்கிறார். கெடு ஜூலை 1 அன்று முடிகிறது. ஜூலை 31 அன்றுதான் பிழை தீர்க்கப்படுகிறது என்றால், 30 நாள் தாமதத்திற்கு ரூ. 3,000 அவருக்குச் சேர வேண்டும். குறை தீர்ந்த 5 வேலை நாட்களுக்குள் அது அவருடைய கணக்கில் வரவாக வேண்டும். ஜூன் 1ஆம் தேதி மனுக் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லையெனில் இக்கணக்கைத் தொடங்கவே இயலாது. தேதியிட்ட ஒப்புகையை நாம் இவ்வளவு வற்புறுத்துவது இதன் பொருட்டே.

மனு நிராகரிக்கப்பட்டாலும் அதற்குரிய காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறை பற்றிய தகராறுகளுக்கும், கோர்ட்டில் உள்ள விஷயங்களுக்கும் இந்த நஷ்ட ஈடு பொருந்தாது.

மூன்றாம் படி: குறைதீர்ப்பாளர்

முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், தாமதியாமல் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இவருக்கான ஒருங்கிணைந்த திட்டம் 2021 நவம்பர் 12 அன்று தொடங்கியது. 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் ஸ்தாபனங்களும் அதன் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இதற்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் வாயிலாக மனுச் செய்ய இத்திட்டம் இடமளிப்பதில்லை. பாதிக்கப்பட்டவரே இணையத்தின் வழியாகவோ தபாலிலோ மனுச் செய்யலாம். விவரங்களை 14448 என்ற எண்ணில் கேட்டறியலாம். முதலில் பாங்குக்கோ ஸ்தாபனத்திற்கோ எழுதியதன் நகலும் ஒப்புகையும் இங்கே அவசியம்.

ஒரே விஷயம் ஏற்கெனவே கோர்ட்டிலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால், குறைதீர்ப்பாளர் அதை ஏற்பதில்லை. ஆதலால் செலவற்ற இவ்வழியை முதலில் நாடுவதே விவேகம்.

நான்காம் படி: நுகர்வோர் ஆணையமும் இலவசச் சட்ட உதவியும்

பாங்கின் கவனக்குறைவால் கடன் மறுக்கப்பட்டு, பருவம் தவறிப் பெருநஷ்டம் அடைந்தவருக்கு நாளொன்றுக்கு ரூ. 100 ஈடாகாது. அத்தகையவர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கிடலாம். பாங்குச் சேவையும் இச்சட்டத்தில் அடங்கும். பாங்கின் தலைமையகம் எங்கிருந்தாலும், வழக்கிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட இச்சட்டம் வகை செய்கிறது. சேவைக்காகச் செலுத்திய தொகை ரூ. 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். கடன் மறுக்கப்பட்டதற்கான கடிதமும், அதனால் நேர்ந்த நஷ்டத்திற்குரிய அத்தாட்சிகளும் இங்கே கேட்கப்படும். ஆகவே கடன் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம்.

வழக்கறிஞரின் துணை வேண்டுவோர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ வட்ட சட்டப் பணிகள் குழுவையோ அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கும், ஆதி திராவிடர், பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு அரசாங்கம் வகுத்த வருமான வரம்பு பொருந்தும். மகளிர் சுய உதவிக் குழு அங்கத்தினர்கள் இதனைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். தொலைபேசியில் உதவி நாடுவோருக்கு 15100 என்ற எண் உள்ளது.

தரகர்களிடம் எச்சரிக்கை

"சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று பணம் பறிப்போர் கிராமாந்தரங்களிலும் தலைகாட்டுகின்றனர். மெய்யான பதிவை எவராலும் அழித்துத் தர இயலாது. பிழையான பதிவைத் திருத்தப் பணம் தேவையில்லை. இத்தகையோரிடம் ஆதார், பான் அட்டை நகல்களையோ, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ கொடுப்பது, புதிய மோசடிக்கு நாமே கதவைத் திறந்து விடுவதாகும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தைக் கால் மணி நேரம் எடுத்துரைத்தாலே பெரும் நன்மை விளையும். மேற்கண்ட மனுவின் மாதிரியையும் 14448, 15100 ஆகிய எண்களையும் பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். எழுதத் தெரியாத முதியோருக்கு மனு எழுதித் தர, ஊரிலுள்ள படித்த இளைஞர் இருவரை ஏற்பாடு செய்யலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதிச் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தித் தருமாறு கோரலாம்.

விவசாய அன்பர்கள் செய்ய வேண்டுவது அதினும் எளிது. கடன் முடிந்த அன்றே பாக்கியின்மைச் சான்று பெறுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கடன் கேட்கும் பருவத்திற்கு இரண்டு மாதம் முன்னதாகவே அறிக்கையைப் பெற்றுப் பாருங்கள். விதைப்புக்கு முன் நிலத்தைச் சீர்செய்வதுபோல், கடனுக்கு முன் கணக்கைச் சீர்செய்வதும் இன்று வேளாண்மையின் ஒரு பகுதியாகிவிட்டது. பிழை கண்டால் அன்றே மனு எழுதி, தேதியுடன் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். நாணயமாகக் கடனைக் கட்டியவரின் நாணயம் பேரேட்டிலும் அவ்வாறே விளங்க வேண்டும். அதற்கான வழியைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது.