ராத்திரி வியர்வையைச் சகிச்சுக்கிட்டு இருக்காதே, தங்கச்சி

நடுராத்திரி கழுத்தும் முதுகும் தொப்பலா நனைஞ்சு முழிப்பு வருது. நைட்டியை மாத்திட்டுப் படுத்தா தூக்கம் போயிடுது. 45 தாண்டின நம்ம பெண்கள் நிறைய பேர் இதை "உடம்பு சூடு"ன்னு சொல்லி, மோரும் வெந்தயமும் குடிச்சே வருஷங்களைக் கடத்துறாங்க. இது அந்தச் சூடு இல்லடி. பீரியட்ஸ் நிக்கிற காலத்துல ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையில உடம்போட வெப்பத்தைக் கவனிக்கிற இடம் சின்ன மாற்றத்துக்கும் பதறிப்போகுது. ரத்தக் குழாய்களை விரிச்சு, வியர்க்க வச்சு, உடம்பைக் குளிர வைக்கப் பார்க்குது. இதுக்கு நல்ல மருந்து இருக்கு. அதைக் கேட்டு வாங்கிக்கிற உரிமையும் உனக்கு இருக்கு.

ஆனா, ராத்திரி வியர்த்தாலே மெனோபாஸ்னு நீயா முடிவு பண்ணாதே. சாயங்காலக் காய்ச்சல், விடாத இருமல், எடை இறங்குறது இதெல்லாம் சேர்ந்து வந்தா முதல்ல டிபி இல்லைன்னு உறுதி பண்ணணும். படபடப்பும் கை நடுக்கமும் இருந்தா தைராய்டு டெஸ்ட். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கிறவளா இருந்தா, வியர்த்து முழிக்கிற அந்த நேரத்துலயே விரல்ல குத்திப் பாரு. சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் வியர்க்கும்.

மெனோபாஸ்தான்னு டாக்டர் சொல்லிட்டா, ஹார்மோன் சிகிச்சை பத்தி நீயே பேச்சை எடு. இந்த வியர்வைக்கு அதைவிட நல்லா வேலை செய்யற மருந்து இதுவரைக்கும் இல்ல. "ஹார்மோன் மாத்திரையா? கேன்சர் வருமே!"ன்னு யாராவது பயமுறுத்துவாங்க. அந்தப் பயம் பெரும்பாலும் 2002-ல கிளம்பினது. அமெரிக்காவுல விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்ங்கிற பெரிய ஆய்வுல, ரெண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை கொடுத்த பகுதியை அந்த வருஷம் பாதியில நிறுத்தினாங்க. அதுல இருந்த பெண்களோட சராசரி வயசு 63. அந்த மாத்திரையால கூடுதலா மார்பகப் புற்றுநோய் வந்தது வருஷத்துக்கு 10,000 பேர்ல சுமார் 8 பேருக்கு. இதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா 60 வயசுக்குள்ள, பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கிற, வேற தடை இல்லாத பெண்ணுக்கு நன்மைதான் அதிகம்னு இன்னிக்கு மெனோபாஸ் மருத்துவ சங்கங்கள் சொல்லுது.

தடை யாருக்கு? மார்பகம் அல்லது கர்ப்பப்பையில புற்றுநோய் வந்தவங்க, கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சவங்க, பக்கவாதமோ ஹார்ட் அட்டாக்கோ வந்தவங்க, கல்லீரல் நோய் உள்ளவங்க, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கிறவங்க. இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காதே. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கு, அதைக் கேளு.

உனக்குக் கர்ப்பப்பை இருந்தா ஈஸ்ட்ரோஜனோட புரோஜெஸ்ட்ரோனும் கட்டாயம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனா கர்ப்பப்பையோட உள்சவ்வு தடிச்சுப் புற்றுநோய் வரைக்கும் போகலாம். கர்ப்பப்பையை எடுத்தவளுக்குப் பொதுவா ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். ஆபரேஷன் ஆனவங்க அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துட்டுப் போங்க. கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையையும் எடுத்தாங்களான்னு நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. சின்ன வயசுலயே சினைப்பை போயிருந்தா, தடை எதுவும் இல்லாதவரைக்கும், இயல்பா பீரியட்ஸ் நிக்கிற வயசு வரைக்குமாவது ஹார்மோன் எடுத்துக்கிறது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. பக்கத்து வீட்டு அக்கா சீட்டைக் காட்டி மெடிக்கல்ல மாத்திரை வாங்கக் கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

மாத்திரை, ஜெல், பேட்ச்னு பல விதம் உண்டு. பிபியோ, உடம்பு எடையோ கூட இருந்தா தோல் வழியா போற மருந்தைப் பத்திக் கேளு, மாத்திரையைவிட ரத்தம் உறையற ஆபத்து அதுல குறைவு. வியர்க்கிற நம்ம ஊர்ல பேட்ச் உரிஞ்சு வரலாம், ஜெல் வசதி. குளிச்சுத் துடைச்ச பிறகு கையிலயோ தொடையிலயோ தடவு, மார்புல வேண்டாம். காயற வரைக்கும் துணி படாம இரு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, தடவின இடத்துல பேரக்குழந்தை முகத்தை வைக்காம பார்த்துக்கோ. புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையை ராத்திரி படுக்கப் போகும்போது போடச் சொல்லுவாங்க. அதுல சில வகை தூக்கத்தையும் கொடுக்கும்.

ஒரு வாரத்துல வியர்வை நிக்கலைன்னு தூக்கிப் போட்டுடாதே. சில வாரத்துல குறைய ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய மூணு மாசம் வரைக்கும் ஆகலாம். எத்தனை தடவை முழிச்சேன்னு மாதக் காலண்டர்ல தினமும் எழுதி வை. மூணு மாசம் கழிச்சுப் போகும்போது அதைக் காட்டினா அளவைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு டாக்டருக்குப் புரியும். அப்புறம் வருஷா வருஷம் பரிசோதனை, பிபி, வயசுக்கேத்த மேமோகிராம். ஆரம்பத்துல லேசா ரத்தம் படலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லு. ஆறு மாசம் தாண்டியும் பட்டாலோ, நின்ன பிறகு திரும்பப் பட்டாலோ உடனே காட்டணும்.

மருந்து வேலை செய்யற வரைக்கும் ஃபோம் மெத்தைமேல பழைய பருத்திப் புடவையை மடிச்சு விரிச்சுக்கோ. பருத்தி நைட்டி ஒண்ணு கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுல காரத்தையும், சாயங்காலத்துக்கு மேல காபியையும் குறைச்சுப் பாரு.

"வயசானா இப்படித்தான்மா"ன்னு ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினா, அதோட விட்டுடாதே. இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பாரு. தனியாப் போகத் தயக்கமா இருந்தா என்னைக் கூப்பிடு, நான் வரேன்.