ரொசெட்டோ: கூடி வாழ்ந்த ஊரின் இதயம்



உடம்பைப் பார்த்துக்கணும்னு சொன்னாலே நமக்கு டயட், ஜிம், ஸ்மார்ட் வாட்ச் காட்டுற ஸ்டெப்ஸ் கணக்குதான் ஞாபகம் வரும். அதெல்லாம் வேணும்தான். கூடவே, குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் நம்ம ஆரோக்கியத்தில் என்ன பங்குன்னு காட்டுற ஒரு ஊரைப் பற்றி இன்னைக்குப் பார்ப்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரொசெட்டோ என்று ஒரு சின்ன ஊர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் உருவாக்கியது. ஆண்கள் பலர் கல் குவாரியில் உழைத்தவர்கள். 1960-களில் ஸ்டூவர்ட் உல்ஃப் என்ற மருத்துவரின் குழு அங்கே ஆய்வு செய்தது. பக்கத்து ஊரான பேங்கரைவிட அங்கே மாரடைப்பு மரணம் ரொம்பக் குறைவு!

நான் சாஃப்ட்வேர்காரன். ரெண்டு சர்வர் வேற வேற ரிசல்ட் கொடுத்தா, எது ஒண்ணா இருக்கு, எது மாறுதுன்னுதான் முதல்ல பார்ப்போம். அவங்களும் அப்படித்தான் பார்த்தாங்க. ரெண்டு ஊருக்கும் ஒரே தண்ணீர், அதே டாக்டர்கள், அதே ஆஸ்பத்திரி. சாப்பாடா? ரொசெட்டோக்காரங்க பன்றிக் கொழுப்பில் சமைச்சாங்க. சிகரெட்டும் பிடிச்சாங்க.

வித்தியாசம் வாழ்ந்த முறையில் இருந்தது. பல வீடுகளில் மூணு தலைமுறை ஒண்ணா இருந்தாங்க. பெரியவங்க பேச்சுக்கு மதிப்பு இருந்தது. வசதியானவங்க பகட்டு காட்டினா ஊர் ரசிக்காது. கஷ்டம்னா உறவும் அக்கம்பக்கமும் வந்து நிக்கும்.

அப்புறம் காலம் மாறிச்சு. இளையவங்க தனி வீடு, பெரிய கார்னு போக ஆரம்பிச்சாங்க. ரெண்டு ஊரிலும் 50 வருட இறப்பு விவரங்களை ஒப்பிட்ட ஆய்வு 1992-ல் வெளியானது. குடும்ப, ஊர் உறவுகள் தளர்ந்த பிறகு ரொசெட்டோவின் மாரடைப்பு மரணங்களும் பேங்கர் அளவுக்கு ஏறிவிட்டன என்றது அது.

ஒரே ஊரை வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ணிட முடியாது. கொழுப்பும் சிகரெட்டும் பரவாயில்லைன்னும் அர்த்தம் இல்ல. ஆனா, நம்மைத் தேட ஆள் இருக்குங்கிற தைரியம் உடம்புக்கும் போய்ச் சேரும்னு நான் நம்புறேன்.

வேலைக்காக வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்மில் பலர் மொபைலைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுறோம். நாளைக்கே கூட்டுக் குடும்பத்துக்குத் திரும்ப முடியாது. ஆனா ரூம்ல இருக்கிறவங்க ராத்திரி ஒரு வேளையாவது ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் பேரைத் தெரிஞ்சுக்கலாம். அம்மா "சாப்டியா?"ன்னு கேட்டா "ம்"னு சொல்லி வைக்காம, "முட்டி வலி எப்படிம்மா இருக்கு?"ன்னு நாமளும் கேட்கலாம்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு போன். அதிலிருந்து ஆரம்பிப்போம்.